வாசலை நெருங்கும் ஆரஞ்சுக் கோடு

ஐந்தாவது கோடு அக்காவின் வாசற்படிக்கு நாலடி முன்னால் வந்து நின்றிருந்தது.

மத்தளம் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனான். தார்ச்சாலையின் மேல் இரண்டு விரல் அகலத்துக்கு, ஓர் ஆள் கையை நீட்டிப் படுத்த நீளத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில் இழுத்துவிட்டது போன்ற கோடு. சாக்பீஸ் இல்லை, பெயின்ட்டும் இல்லை. நகத்தால் சுரண்டினால் பிசிறு பிசிறாக ரப்பர் வந்தது.

ஐந்து நாளில் ஐந்து கோடு. முதல் கோடு தெருமுனை விளக்குக் கம்பத்தடியில். இரண்டாவது மருந்துக் கடை வாசலில். மூன்றாவது எதிர்வீட்டு மதில் ஓரம். நான்காவது அக்காவின் ஜன்னலுக்கு நேர் கீழே. இன்று இது. நாளைக்கு ஆறாவது கோடு எங்கே விழும் என்று கணக்குப் போட அவனுக்குக் கணக்கு வாத்தியார் தேவைப்படவில்லை.

சர்வேயர் கோட்டின் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பழைய பட்டப்பெயர் விடவில்லை, தெருவில் படுக்கிற பழக்கமும் விடவில்லை. ஓட்டுகிறவன் பொய் சொல்லுவான், சாலை சொல்லாது என்பது அவருடைய கட்சி.

"மேடம், கொஞ்சம் ஓரமா படுங்க. பின்னால வண்டி வந்தா நாளைக்கு நான் உங்களைப் பத்தித்தான் அறிக்கை எழுதணும்."

"உன் கையெழுத்துல எழுதினா எனக்கு நஷ்டஈடு கிடைக்காது. பூதக்கண்ணாடியை எடு."

எடுத்துக் கொடுத்தான்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சர்வேயரின் உதவியாளனாகவும் அக்காவின் தம்பியாகவும் ஒரே நேரத்தில் காலம் தள்ளுகிறவனுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. சாதாரண நாட்களில் வாய் ஓயாது. பயந்தால் இன்னும் அதிகமாக ஓடும். இந்த ஐந்து நாளும் அவன் வாய் ஓடிய ஓட்டத்தில் அவனுக்கே தாடை வலித்தது.

மாடி ஜன்னலில் திரைச்சீலை ஒரு விரற்கடை விலகி மறுபடி மூடியது. அக்காவின் தொழிலே திரைச்சீலை தைப்பது. ஜன்னலோரம் மிஷின், மேசை மேல் கனமான இஸ்திரிப் பெட்டி, சுவரெங்கும் துணிச் சுருள்கள். இரண்டு மாதம் முன்பு அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். சைக்கிளில் தபால் கொண்டுபோகும் ஒரு கூரியர்க்காரப் பையனைக் கிடங்கு லாரி ஒன்று அடித்துப் போட்டது. டிரைவர், "கவனிக்கலை, விபத்து" என்றான். அக்கா போலீசில் ஒரே ஒரு வரி சொன்னாள்: லாரி இடித்தது, நின்றது, பிறகு பின்னால் வந்தது. அந்த ஒரு வரியில் விபத்து கொலையாகிவிட்டது. டிரைவர் இப்போது ஜாமீனில் இருக்கிறான். நாளைக் காலை பதினோரு மணிக்கு அக்கா அந்த வரியை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். அவளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மாடிக்குப் போனதும் அக்கா அதைப் பற்றித்தான் முதலில் பேசினாள்.

"நான் நாளைக்கு வரலைடா."

"அக்கா..."

"அந்தப் பையனோட சக்கரமும் இதே ஆரஞ்சுதான். ராத்திரி கண்ணை மூடினா அதுதான் சுத்துது. தினமும் காலையில கிறீச்சுன்னு ஒரு சத்தம். எட்டிப் பாக்கறதுக்குள்ள யாரும் இல்லை, கோடு மட்டும் கிடக்கு. எண்ணிக்கிட்டே வரான், பாத்துக்கோ. போனை எடுத்தா யாரும் பேசறதில்லை, மூச்சு மட்டும் விடறாங்க."

"மூச்சு விடறவன் பேய் இல்லைக்கா. அது ஒரு நல்ல சேதி."

அக்கா சிரிக்கவில்லை. அவனாலும் முடியவில்லை.

சர்வேயர் உள்ளே வந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "பேய் தன் கையால சைக்கிளுக்குச் சக்கரம் மாட்டினாக்கூட இவ்வளவு மோசமா மாட்டாது" என்றார். "ஐந்து கோட்டுலயும் இடது ஓரத்துலேருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி, முடி மாதிரி ஒரு கீற்று ரப்பரே படாம ஓடுது. டயர்ல ஒரு வெட்டு இருக்கு. அந்த வெட்டு ஐந்து நாளும் தரையிலேயே இருந்திருக்கு."

"டயர்ல வெட்டு இருந்தா தரையில தெரியாதா என்ன?"

"சக்கரம் வட்டம், மத்தளம். வட்டத்துல எந்த இடம் தரையில படும்னு யாருக்குத் தெரியும்? ஒரு நாள் வெட்டு மேல இருக்கணும், ஒரு நாள் பக்கத்துல இருக்கணும். ஐந்து நாளும் ஒரே இடம் எப்படி? வா, இதுக்குப் பதில் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்." வாசல் பக்கம் திரும்பியவர், போகிற போக்கில், "கோட்டுக்கு முன்னால எண்ணெய்ச் சொட்டு வேற கிடக்கு. இந்தத் தெருவுல எந்த ஓட்டை வண்டியை நிறுத்தறாங்களோ" என்றார்.

அதை அவர் அத்தோடு விட்டுவிட்டார். அதுதான் தப்பு.

*

சைக்கிள் கடைக்காரர் நிறையப் பேசுகிற ரகம். ஆனால் தெரிந்ததை மட்டும் பேசுகிறவர். கடைக்கூரையிலிருந்து டயர்கள் வளையம் வளையமாகத் தொங்கின: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. சர்வேயர் காகிதத்தில் சுரண்டி வைத்திருந்த ரப்பர்ப் பிசிறை நீட்டினார். கடைக்காரர் முகர்ந்து, விரலில் உருட்டிப் பார்த்தார்.

"முழு ஆரஞ்சு. ஓரம் மட்டும் கலர் வெச்சது இல்லை, தரையில படற நடுப்பகுதியும் ஆரஞ்சு. இதைப் பின்சக்கரத்துல போட்டு, ஃபிக்ஸட் சைக்கிள்ல இழுத்து நிறுத்தியிருக்காங்க. பாவம்."

"யாரு பாவம்?" என்றான் மத்தளம்.

"டயர்தான் தம்பி."

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன் பாட்டுக்கு உருளும். ஃபிக்ஸட் சைக்கிளில் அந்தச் சலுகை இல்லை. பின்சக்கரமும் பெடலும் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டுண்டவை. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், பெடல் நின்றால் சக்கரமும் நிற்கும். பிரேக் வைத்துக்கொள்ளாத சிலர் இதையே பிரேக்காக ஆக்கிக்கொள்கிறார்கள். உடம்பை முன்னால் சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, காலை அப்படியே பூட்டிவிடுவார்கள். பூட்டிய சக்கரம் உருளாமல் தரையில் தேய்ந்துகொண்டே போய் நிற்கும். அழிரப்பர் காகிதத்தில் தேய்கிற மாதிரி.

கடைக்காரர் ஒரு கருப்பு டயரையும் ஓர் ஆரஞ்சு டயரையும் அவன் மடியில் வைத்தார்.

"ரப்பருக்குப் பிறவியிலேயே கருப்பு கிடையாது தம்பி. கரித்தூள் கலக்கறாங்க, அதனால கருப்பு. அழகுக்குக் கலக்கலை, உறுதிக்கு. சுவருக்குச் சிமென்ட் மாதிரி. கலர் வேணும்னா கரியை எடுத்துடணும். அதுக்குப் பதிலா வெள்ளைப் பொடி ஏதோ போடுவாங்க, ஆனா அந்த உறுதி வராது. அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க மூணு வழியில வாங்குவாங்க. நடு கருப்பு, ஓரம் கலர்னு ஒண்ணு. கலர்லயே கெட்டி ரப்பர், உள்ள முள்ளு குத்தாத பட்டை வெச்சதுன்னு ஒண்ணு, விலை கூட. இல்லையா, கலரை முன்சக்கரத்துல மாட்டிட்டுப் பின்னால நல்ல கருப்பா போட்டுக்குவாங்க. முன்சக்கரம் தேயறதில்லையே, அழகா இருந்துட்டுப் போகட்டும்."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். முன்னால அழகா அக்கா, பின்னால தேய நான்."

சர்வேயர் அவனைப் பார்க்காமலே கேட்டார்: "ஐந்து நாளும் டயரோட ஒரே இடம் தரையில தேஞ்சிருக்கு. எப்படி?"

கடைக்காரர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே வருடக்கணக்கில் காத்திருந்தவர் போல எழுந்துபோய் ஒரு பெரிய பல்சக்கரத்தையும் ஒரு சிறியதையும் எடுத்துவந்தார்.

"முன்னால நாப்பத்தெட்டு பல், பின்னால பதினாறு பல்னு வெச்சுக்கோங்க. பெடல் ஒரு சுத்து சுத்தினா பின்சக்கரம் சரியா மூணு சுத்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலது கால் முன்னால வர்றப்பதான் பூட்டறது ஒருத்தர் பழக்கம்னா, ஒவ்வொரு தடவையும் டயரோட அதே இடம்தான் தரைக்கு வரும். அந்த ஒரு இடமே தேஞ்சு தேஞ்சு ஓட்டையாகும். பின்னால பதினேழு பல் போட்டுட்டா? நாப்பத்தெட்டு பதினேழால வகுபடாது. பதினேழு வேற வேற இடத்துல மாறி மாறித் தேயும். டயர் பல மடங்கு உழைக்கும். ஒரே ஒரு பல்லு, மேடம். வித்தியாசம் அவ்வளவுதான்."

"அப்போ நாப்பத்தெட்டு, பதினாறு, முழு ஆரஞ்சு டயர். இந்த மூணையும் சேர்த்து வாங்கின முட்டாள் யாரு?"

கடைக்காரரின் மலர்ச்சி வாடியது. "ஒருத்தர் இருக்காங்க. ஆளைப் பாக்கலை. மெசேஜ்லதான் பேச்சு. சாமானைப் பெட்ரோல் பங்க்ல குடுத்து வைக்கச் சொன்னாங்க, வெச்சேன். வேணாம், பின்சக்கரத்துக்கு இது தாங்காது, மூணு வாரத்துல நூல் தெரியும்னு சொல்லிப் பாத்தேன். என்ன பதில் வந்துச்சுன்னு நீங்களே பாருங்க."

போனை நீட்டினார். இருபது நாள் முன்பு வந்த மெசேஜ்.

'மூணு வாரம் போதும்.'

நீதிமன்றத் தேதி அறிவித்ததும் அதே நாள்தான். மூன்று வாரம் நாளையோடு முடிகிறது. மத்தளம் நாட்களை விரல்விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தான்.

"போன் பண்ணினா உஷாராயிடுவான்" என்றார் சர்வேயர். "டயரே கூப்பிடட்டும்." கடைக்காரரை ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னார்: 'உங்கள் பின் டயர் இன்றோ நாளையோ வெடிக்கும். நடுவில் கருப்பு, ஓரம் ஆரஞ்சு, நன்றாக உழைக்கிற டயர் ஒன்று வந்திருக்கிறது. காலை ஆறரைக்கு வந்தால் மாட்டித் தருகிறேன்.'

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

'வரேன். ஏழு மணிக்கு நான் வேற இடத்துல இருந்தாகணும்.'

"எங்கேன்னு நமக்குத் தெரியும்" என்றார் சர்வேயர்.

*

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு மத்தளம் பழைய டயர்க் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்தான். அக்கா வீட்டில் தனியாக இருந்தாள். கதவை உள்ளே பூட்டு, போனை அணைத்து வை, நான் வந்து கூப்பிட்டால் ஒழியத் திறக்காதே என்று சர்வேயர் சொல்லியிருந்தார். கோடு போடுகிறவன் இங்கே நம் கையில் இருக்கும்போது அங்கே யார் வரப்போகிறார்கள்? போலீஸ் துணை பத்து மணிக்கு வரும். ஸ்கூட்டரைக்கூட யார் கண்ணிலும் படாமல் இரண்டு தெரு தள்ளி விட்டிருந்தார்கள். ஒரு குறையும் இல்லாத ஏற்பாடு.

ஆறு முப்பத்திரண்டுக்கு சைக்கிள் வந்தது. ஹெல்மெட், கண்வரைக்கும் முகத்தை மூடிய துணி, ஒல்லியான உருவம். ஒன்றும் பேசவில்லை, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியது. கடைக்காரர் பின்சக்கரத்தைக் கழற்றினார். டயரில் உள்ளங்கை அளவுக்கு ஒரே ஓரிடம் மொட்டையாகத் தேய்ந்து வெள்ளை நூல் தெரிந்தது. நூலுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு.

சர்வேயர் வெளியே வந்தார். "கொஞ்சம் பேசலாமா?"

உருவம் வாசலுக்குப் பாய்ந்தது. மத்தளமும் பாய்ந்தான். அவன் வாழ்க்கையில் குறிபார்த்துச் செய்த ஒரே காரியம் அதுதான். கணுக்காலைப் பிடித்து இழுத்தான், இருவரும் விழுந்தார்கள், பிடித்த கணுக்காலில் சளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. முகத்துணி நழுவியது.

இருபது, இருபத்தொரு வயதுப் பெண். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, விழுந்ததில் உடைந்து நின்றுபோன கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"யாரு உன்னை அனுப்பினது?" என்றார் சர்வேயர்.

அவள் கணுக்காலைத் தடவிக்கொண்டாள்.

"கிடங்கு முதலாளியா? டிரைவரா?"

அவள் அவரையும் மத்தளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பலாமா கூடாதா என்று எடைபோடுகிற பார்வை. "நீங்க யாரு?"

"கேள்வி நான் கேக்கறேன். அந்த வீட்டு வாசல்ல எதுக்குக் கோடு போடறே?"

"மணி என்ன ஆச்சு?"

"எதுக்குக் கோடு?"

"மணி என்னன்னு சொல்லுங்க."

இப்படியே போனது. பத்து நிமிடத்துக்கு மேல். சர்வேயர் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் மத்தளத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அது என் அக்கா. உனக்கு அவ என்ன செஞ்சா? வெறும் திரைச்சீலை தைக்கிறவ. பல்லி விழுந்தாக்கூட மிஷின் மேல ஏறி நிக்கிறவ. அவளைப் போய்..."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அவங்க உங்க அக்காவா? அப்போ நீங்க இங்க என்ன பண்றீங்க? அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லை. ஏன்?"

"ஏழு மணிக்கு அந்த வேன் வருமே."

சர்வேயர் கையிலிருந்த பேனா நின்றது.

"செத்தவன் என் அண்ணன்" என்றாள். மூச்சு வாங்காமல் கொட்டினாள். "அவங்க ஒருத்தங்கதான் சாட்சி. அவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு தேதி சொன்னதுலேருந்து தினமும் காலையில அந்தத் தெருவைச் சுத்தறேன். அஞ்சு நாளா ஒரு சாம்பல் வேன் வருது. இன்ஜினை அணைக்காம நிக்கும். நான் நேரா போய் அதுக்கு மூஞ்சிக்கு முன்னால நிறுத்துவேன். ஒருத்தர் பாக்கறாங்கன்னு தெரிஞ்சா கிளம்பிடும், நானும் பின்னாலயே போய் எங்க போகுதுன்னு பாப்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நிக்கும். நானும் கிட்ட வருவேன். ஸ்டேஷன்ல ரெண்டு தடவை சொன்னேன். வேன் நிக்கிறது குத்தமில்லைன்னாங்க."

கோட்டுக்கு முன்னால் எண்ணெய்ச் சொட்டு. ஐந்து கோட்டுக்கும் முன்னால்.

"சைக்கிளுக்கு ஏது எண்ணெய்ச் சொட்டு" என்று சர்வேயர் மெல்லச் சொன்னார். அவர் முகத்தில் இரத்தம் இல்லை. "கோடு நெருங்கி வரலை. வேன்தான் நெருங்கி வந்திருக்கு. காவலுக்கு நின்னவளைப் பிடிச்சு இங்க உக்கார வெச்சிருக்கேன். தப்பு என்னுது."

மணி ஆறு ஐம்பத்து மூன்று. அக்காவின் போன் அணைந்திருந்தது, சர்வேயர் சொன்னபடியே. அந்தப் பெண் எழுந்து நின்று, கணுக்கால் மடங்கி, மறுபடி உட்கார்ந்தாள். போலீசுக்குச் சொன்னார்கள், வர இருபது நிமிடமாகும் என்றது ஸ்டேஷன். ஸ்கூட்டர் இரண்டு தெரு தள்ளி.

சுவரில் ஒரு பந்தய சைக்கிள் மாட்டியிருந்தது. மத்தளம் அதை இறக்கினான்.

"தம்பி, அதுவும் ஃபிக்ஸட்தான். பிரேக் கிடையாது" என்றார் கடைக்காரர்.

"எனக்கும்தான் இல்லை" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

"மிதிக்கறதை நிறுத்தாதீங்க, தூக்கிப் போட்டுடும்" என்று அந்தப் பெண் பின்னாலிருந்து கத்தினாள். "நிறுத்தணும்னா முன்னால சாஞ்சு காலைப் பூட்டுங்க."

*

கடையிலிருந்து அக்கா வீட்டுக்கு எல்லாம் இறக்கம். நேற்றுவரை அது நல்ல விஷயமாக இருந்தது.

முதல் திருப்பத்திலேயே பழக்க தோஷத்தில் காலை ஓய்த்தான். பெடல் அவன் முழங்காலை நெஞ்சுக்கு உதைத்தது. அதற்குப் பிறகு அவன் மிதிக்கவில்லை, சைக்கிள் அவனை மிதித்தது. கால்கள் தையல் மிஷினின் ஊசி போலத் தாமாக ஏறி இறங்கின. பால் வண்டி ஒன்று முன்னால் வந்தது. எப்படித் தாண்டினான் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. காற்றில் கண்ணீர் வழிந்தது. காற்றுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டான். அக்கா கதவைத் திறக்காதே, அக்கா கதவைத் திறக்காதே. அதற்கு மேல் மனதில் ஒன்றும் ஓடவில்லை.

தெருமுனை. விளக்குக் கம்பம். முதல் கோடு.

சாம்பல் வேன் அக்காவின் வாசலை ஒட்டி நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவு இரண்டும் திறந்திருந்தன. வாசற்கதவின் பூட்டருகே ஒருவன் இரும்புக் கம்பியைச் செருகி நெம்பிக்கொண்டிருந்தான். மரம் பிளக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

மத்தளம் முன்னால் சாய்ந்தான். காலைப் பூட்டினான். பாதி பூட்டியது. சக்கரம் கிறீச்சிட்டுப் பக்கவாட்டில் போயிற்று, சைக்கிளும் அவனும் கம்பிக்காரனும் ஒன்றாக வாசலில் உருண்டார்கள். கம்பிக்காரன் முதலில் எழுந்தான். மத்தளத்தையும் தன் கையிலிருந்த கம்பியையும் பார்த்தான், பிறகு தெருவைப் பார்த்தான். மருந்துக் கடைக்காரரின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான்.

மத்தளத்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் சைக்கிளுக்கு அடியில் இருந்தது. வேனின் பின்பக்கம் அவனுக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அதில் ரிவர்ஸ் கியரின் வெள்ளை விளக்கு எரிந்தது.

வேன் பின்னால் வந்தது.

மெதுவாகத்தான் வந்தது. அவசரமே இல்லாமல், தெரிந்த வேலையைச் செய்கிறவன் போல. மத்தளம் சைக்கிளைக் காலிலிருந்து தள்ளப் பார்த்தான்.

மேலே திரைச்சீலை கம்பியோடு பிய்ந்து விழுந்தது. அதன் பின்னாலேயே இஸ்திரிப் பெட்டி வந்தது. வேனின் முன்கண்ணாடியின் நட்டநடுவில் விழுந்து, கண்ணாடி முழுவதையும் சிலந்திவலையாக்கியது. டிரைவர் பதறி கியரை மாற்றினான், வேன் முன்னால் துள்ளியது, கண்ணை மறைத்த கண்ணாடியோடு ஆறு வீடு தாண்டி விளக்குக் கம்பத்தில் போய் முட்டியது.

அக்கா படியிறங்கி ஓடி வந்தாள். வெறுங்கால், தோளில் அளவு நாடா. நீதிமன்றத் தேதி அறிவித்த பிறகு அன்றுதான் வாசலைத் தாண்டினாள். தம்பியின் மேலிருந்து சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கி எறிந்தாள்.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதேடா."

"இப்பவும் தெரியாதுக்கா."

வேனிலிருந்து டிரைவரைத் தெருக்காரர்கள் இறக்கினார்கள். நெற்றியில் இரத்தம். ஜாமீனில் வந்த அதே லாரி டிரைவர். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவன்தான் முதலில் தலையைக் குனிந்தான்.

*

போலீஸ் வந்தது, டிரைவரைக் கொண்டுபோனது. சர்வேயர் அந்தப் பெண்ணை ஸ்கூட்டரில் ஏற்றிவந்து வாசற்படியில் உட்கார வைத்தார். "உங்ககிட்டயும் இவகிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார் அக்காவிடம். அவரிடம் வேலை பார்த்த ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து மத்தளம் கேட்டதில்லை. கிண்டல் செய்ய நல்ல சந்தர்ப்பம். செய்யவில்லை.

அக்கா அந்தப் பெண்ணின் வீங்கிய கணுக்காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஒரு துண்டுத் திரைத்துணியைக் கிழித்துச் சுற்றினாள்.

"தினமும் நீதான் வந்தியா?"

"ஆமாக்கா. முதல் ரெண்டு வாரம் நிறுத்தக் கத்துக்கறதுக்கே சரியாப் போச்சு."

"மாடிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க பயந்துடுவீங்கன்னு நினைச்சேன். பயந்து ஊரைவிட்டுப் போயிட்டீங்கன்னா என் அண்ணனுக்கு யாருமே இல்லை."

"உன்னைப் பாத்துத்தான்டி பயந்தேன். வேனை நான் பாக்கவே இல்லை."

துணியின் முனையை முடிச்சுப் போட்டும் அக்கா அவள் காலை விடவில்லை. அந்தப் பெண் கேட்டாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? முதல் இடிக்கு அப்புறம் அண்ணன் எப்படி இருந்தான்? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அப்பவே போயிட்டான்னு டிரைவரோட வக்கீல் சொல்றார்."

மத்தளம் அக்காவைப் பார்த்தான். அவனிடம்கூட அவள் சொன்னதில்லை. லாரி பின்னால் வந்தது என்பாள், அதற்கு முந்தைய அரை நிமிடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவாள். போலீசிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. சர்வேயர் இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் மிஷின் சத்தம்தான் பதிலாக வந்தது.

அக்காவுக்குப் பயம் போகவில்லை, முகம் முழுக்க அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்து உக்காந்தான்" என்றாள். "ஹெல்மெட்டைக் கழட்டினான். கையைத் தூக்கி லாரிக்காரனைப் பாத்து நிறுத்துன்னு காட்டினான். டிரைவர் கண்ணாடியில அவனைப் பாத்தான். பாத்துட்டுத்தான் பின்னால வந்தான்."

தெருவில் யாரோ கடை ஷட்டரை முழுதாக ஏற்றினார்கள். அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதாள். அக்கா அழவில்லை. சொன்னதையே இன்னொரு முறை, அதே வரிசையில், ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள், தனக்கே சொல்லிப் பார்த்துக்கொள்வது போல.

பிறகு தம்பியிடம், "மணி என்னடா?" என்றாள்.

"எட்டு ஆகப்போகுது."

"இவளுக்கு மாத்திக்க என் துணி எதையாவது எடுத்துட்டு வா. கோர்ட்டுல முன்வரிசையில உக்காரப் போறவ."

மத்தளம் நொண்டிக்கொண்டே மாடியேறினான். திரை இல்லாத ஜன்னல் வழியாகக் காலை வெயில் மிஷின் மேல் விழுந்துகிடந்தது.